ஓடும்போதே பைக்கின் கரண்ட் போய்ப் போய் வருகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் அணைகிறது, எஞ்சின் நிற்கிறது. ஓரங்கட்டிச் சாவியை ஒருமுறை திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் திரும்ப வருகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே வண்டி அருமையாக ஓடும். தேவையே இல்லாமல் புது பேட்டரி, புது சி.டி.ஐ. (ஸ்பார்க்கைத் தூண்டும் பெட்டி), புது ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்ட்டை அளவோடு வைக்கும் பாகம்) என்று பணம் கரைவது இந்த வகைக் கோளாறில்தான். கடைசியில் காரணம் பெரும்பாலும் ஒரு தளர்ந்த நட்டாகவோ, களிம்பேறிய கப்ளராகவோ (ஒயர்களை இணைக்கும் பிளக்), தோலுக்குள்ளே அறுந்த ஒயராகவோ இருக்கும்.

பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: கரண்ட் போன அந்த நொடியில் எது செத்தது, எது உயிரோடு இருந்தது? பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு பாதுகாப்பு விஷயம். மொத்தக் கரண்ட்டும் போனால் பின்விளக்கும் இண்டிகேட்டரும் சேர்ந்தே போகும். இரவில் பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். கிளட்ச்சைப் பிடித்து, இருக்கும் வேகத்திலேயே இடப்பக்கம் ஒதுங்கி, வண்டியைச் சாலையை விட்டு முழுதாக இறக்கிய பிறகுதான் மற்றதெல்லாம். கோளாறு தீரும்வரை அந்த வண்டியில் இரவு நெடுஞ்சாலைப் பயணம் வேண்டவே வேண்டாம்.

வண்டி நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டியவை

சாவியை உடனே திருப்பாதீர்கள். திருப்பினால் ஸ்விட்ச்சின் காண்டாக்ட் நகர்ந்து, தடயம் அழிந்துவிடும். சாவி 'ஆன்' நிலையிலேயே இருக்கட்டும். மீட்டரில் ஏதாவது எரிகிறதா? ஹார்ன் அடிக்கிறதா? பிரேக் பிடித்தால் பின்னால் லைட் வருகிறதா? ஹெட்லைட்டை மட்டும் நம்ப வேண்டாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும்படிதான் இருக்கும். அவற்றில் சில, எஞ்சின் ஓடினால் மட்டுமே ஹெட்லைட்டை எரியவிடும். எஞ்சின் நின்றதால் அது அணைந்ததா, கரண்ட் போனதால் அணைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டிஜிட்டல் மீட்டரில் கடிகாரம் இருந்தால் அது நல்ல சாட்சி. பல வண்டிகளில் கடிகாரத்துக்குச் சாவியைத் தாண்டாமல் நேராக ஃப்யூஸ் வழியே பேட்டரியிலிருந்து கரண்ட் போகும். கடிகாரம் ஆரம்ப நேரத்துக்குத் திரும்பியிருந்தால், அறுந்த இடம் சாவிக்கு முன்னால்தான்: பேட்டரி, டெர்மினல், மெயின் ஃப்யூஸ், எர்த் (பேட்டரி மைனஸை வண்டியின் உலோகத்தோடு சேர்க்கும் இணைப்பு) ஆகியவற்றில் ஒன்று. கடிகாரம் சரியாக இருந்தால் சாவி ஸ்விட்ச்சின் மேலும் அதற்கு அப்பால் உள்ளவற்றின் மேலும் சந்தேகம் கூடும். ஆனால் கண் சிமிட்டும் நேரம் மட்டுமே கரண்ட் போயிருந்தால் கடிகாரம் தாக்குப்பிடித்துவிடலாம் என்பதால், இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எஃப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல், பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும் வண்டி) இன்னொரு தடயம் உண்டு. சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி முனகும், மீட்டர் முள் ஒருமுறை முழுதாக ஏறி இறங்கும் அல்லவா? ஓட்டும்போது வண்டி குலுங்கி, அதே முனகலும் அதே முள் ஓட்டமும் தெரிந்தால், கரண்ட் ஒரு நொடி முழுதாகப் போய்த் திரும்பியிருக்கிறது. பெட்ரோல் பக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எல்லாமே ஒரே நேரத்தில் சாகிறது, தானாகவே திரும்ப வருகிறது

மேடு பள்ளத்தில், வேகத்தடையில் இப்படி ஆனால் முதல் சந்தேகம் பேட்டரி டெர்மினல். சீட்டைக் கழற்றி, ஒயரை விரலால் ஆட்டிப் பாருங்கள். இம்மிகூட அசையக் கூடாது. பைக் பேட்டரியில் நட்டு ஒரு சின்னப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். போல்ட் கொஞ்சம் நீளமாக இருந்தால் அடியில் முட்டிக்கொண்டு, இறுகிவிட்டதுபோல ஏமாற்றும், மேலே ஒயர் தளர்வாகவே இருக்கும். பேட்டரி மாற்றியபோது பழைய போல்ட்டுக்குப் பதில் கையில் கிடைத்ததைப் போட்டிருந்தால் இது அடிக்கடி நடக்கும்.

வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துத் துடைத்து, நன்கு காயவிட்டு, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் சேசிஸில் தட்டினால் பெரிய தீப்பொறி பறக்கும், மைனஸ் முன்பே கழன்றிருந்தால் அந்த ஆபத்து இல்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் பழைய பட்டறைகளில் உண்டு. இன்றைய வண்டியில் அதைச் செய்யவே கூடாது. பேட்டரி இல்லாத சர்க்கியூட்டில் வோல்டேஜ் திடீரென எகிறி, பல்புகளோடு ஈ.சி.யு.வையும் (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்) கொண்டுபோய்விடலாம்.

டெர்மினலா, பேட்டரியின் உள்ளேயா என்று பிரிக்க ஒரு எளிய சோதனை உண்டு. சாவியை ஆன் செய்து, எரியக்கூடிய விளக்குகளை எரியவிட்டு, மல்டிமீட்டரின் முனைகளை ஒயரின் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். அப்புறம் ஒயரின் முனையில் வையுங்கள். கோளாறு இருக்கும் நேரத்தில் கம்பத்தில் 12.5, ஒயரில் ஒன்றுமில்லை என்றால் டெர்மினல். கம்பத்திலேயே 12.5 காட்டியது திடீரென 5, 6 என்று விழுந்தால் பேட்டரிக்குள் செல்களை இணைக்கும் பட்டை விரிசல் விட்டிருக்கிறது. அந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், கடையில் சார்ஜ் போட்டால் 'நல்லா இருக்கு' என்பார்கள். லோடு கொடுத்துத் தட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது மெயின் ஃப்யூஸ். பிளேடு ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம், மயிரிழை விரிசல் தெரியாது. அதே ஆம்பியரில் புதிதாக ஒன்றைப் போட்டுவிடுங்கள், ஐந்து பத்து ரூபாய்ப் பொருள். ஃப்யூஸைவிட அது உட்காரும் இடம் முக்கியம். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால், உள்ளே கவ்வும் தகடு தளர்ந்து சூடாகிறது என்று அர்த்தம். ஸ்டார்ட்டர் ரிலேயின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்) அடியிலேயே மெயின் ஃப்யூஸ் இருக்கும் வண்டிகளில் அந்தக் கப்ளரைக் கட்டாயம் பிரித்துப் பாருங்கள். சிவப்பு ஒயர் வரும் பின் மட்டும் கருகியிருப்பது நிறைய வண்டிகளில் காணக் கிடைக்கும்.

மூன்றாவது சாவி ஸ்விட்ச். உள்ளே சின்னச் செம்பு காண்டாக்ட்கள் வழியாக வண்டியின் கிட்டத்தட்ட மொத்தக் கரண்ட்டும் போகிறது. வருஷக்கணக்கில் மழைத் தண்ணீரும் தூசியும், சாவிக்கொத்தில் தொங்கும் கனமும் சேர்ந்து காண்டாக்ட் தேய்ந்து கருகும். சாவியை ஆன் நிலையிலேயே மெதுவாக இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். மீட்டர் மினுக்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. உறுதி செய்ய, ஸ்விட்ச்சின் கப்ளரில் உள்ளே வரும் ஒயருக்கும் வெளியே போகும் ஒயருக்கும் இடையில் மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் வைத்து விளக்குகளை எரியவிடுங்கள். நல்ல ஸ்விட்ச்சில் 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். 1 வோல்ட் காட்டினால் ஸ்விட்ச் செத்துக்கொண்டிருக்கிறது. சில வண்டிகளில் அடியில் உள்ள காண்டாக்ட் தட்டு மட்டும் தனியாகக் கிடைக்கும். கிடைத்தால் லாக் செட் முழுதையும் மாற்ற வேண்டியதில்லை.

'டக்' சத்தத்துக்கு ஏன் மதிப்புக் கொடுக்க வேண்டும்

லைட் நன்றாக எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, செல்ஃப் பட்டனை அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம், மீட்டர் உட்பட எல்லாம் இருட்டு. சில நொடியிலோ, டெர்மினலைத் தொட்ட பிறகோ திரும்ப வரும். 'பேட்டரி போச்சு' என்ற முடிவுக்கு எல்லோரும் உடனே வருவது இங்கேதான். பேட்டரியாகவும் இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். களிம்பேறிய ஒரு டெர்மினலில் வெறும் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்குகளும் ஹார்னும் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால் அங்கே கால் வோல்ட்தான் இழப்பு, யாருக்கும் தெரியாது. செல்ஃப் மோட்டார் 60 ஆம்பியர் இழுத்தால் அதே இடத்தில் 3 வோல்ட் காணாமல் போகும். ஈ.சி.யு.வும் மீட்டரும் விழுந்துவிடும்.

ஒயர் அறாமல் இருந்தால் மல்டிமீட்டரில் 'பீப்' சத்தம் வரும் கண்டினியூட்டி சோதனை இந்த வேலைக்கு உதவாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மல்டிமீட்டர் பீப் அடிக்கும். அந்த ஒற்றை இழை செல்ஃப் மோட்டாரைச் சுற்றாது. கரண்ட் ஓடும்போது எங்கே வோல்ட் தொலைகிறது என்று அளப்பதே சரியான சோதனை.

செல்ஃபை அழுத்திக்கொண்டே அளக்க வேண்டியவை இவை. பேட்டரியின் இரண்டு கம்பங்களுக்கு இடையில் 10 வோல்ட்டுக்குக் கீழே போகிறதென்றால், முழு சார்ஜ் போட்டுத் திரும்பப் பாருங்கள், அப்போதும் அப்படியே என்றால் பேட்டரி பலவீனம். பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சினின் வெறும் உலோகத்துக்கும் இடையில் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பிளஸ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டுக்கும் இடையில் அரை வோல்ட்டைத் தாண்டினால் ரிலே அல்லது தடித்த ஒயர்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. பேட்டரி மைனஸிலிருந்து ஒரு ஒயர் சேசிஸுக்கோ எஞ்சினுக்கோ போகும், ஒயரிங்கின் எர்த் வேறொரு போல்ட்டில், பல நேரம் டேங்குக்கு அடியில் இருக்கும். சேசிஸுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டி, விபத்துக்குப் பிறகு பிரித்து மாட்டிய வண்டி என்றால் முதலில் அந்த போல்ட்டைத்தான் பார்ப்பேன். பெயின்ட் மேலேயே வளையத்தை வைத்து இறுக்கியிருப்பார்கள். வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி இறுக்குங்கள்.

எஞ்சின் மட்டும் நிற்கிறது, மீட்டரும் ஹார்னும் இருக்கின்றன

இது மொத்தக் கரண்ட் இழப்பு இல்லை, வேறு வழியில் தேட வேண்டும். கில் ஸ்விட்ச்சை (ஹேண்டிலில் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச்) பத்து முறை மேலும் கீழும் தள்ளுங்கள். மாதக்கணக்கில் தொடாத ஸ்விட்ச்சில் காண்டாக்ட் களிம்பேறியிருக்கும். சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச் உள்ள வண்டியில், ஸ்பிரிங் தளர்ந்து பள்ளத்தில் ஸ்டாண்ட் இறங்கினாலே எஞ்சின் நிற்கும். எஃப்.ஐ. வண்டியில் சாய்ந்து விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் ஒன்று உண்டு. அதன் ரப்பரோ திருகோ தளர்ந்தால் குலுக்கலில் அது தவறாக வேலை செய்யும், சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

அரை மணி ஓடிச் சூடான பிறகு நின்று, ஆறியதும் கிளம்பினால் பிக்கப் காயிலையும் (ஸ்பார்க் விழ வேண்டிய நேரத்தைச் சொல்வது) இக்னிஷன் காயிலையும் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தருவது) சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு ஓம் அளந்தால் சரியாகவே காட்டும். அதற்கு முன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி இதே மாதிரி நின்று நின்று போகும்.

இங்கே பழைய வண்டிகளுக்கு ஒரு விதிவிலக்கு. பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் போன்றவற்றில் ஸ்பார்க்குக்கான கரண்ட், எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கும் மேக்னெட்டில் உள்ள தனிக் காயிலிலிருந்து நேராக சி.டி.ஐ.க்குப் போகும். பேட்டரியே இல்லாமல் கிக்கரில் கிளம்பும் வண்டி அது. சாவியை அணைத்தால் கில் ஒயர் எர்த்தோடு சேர்ந்து ஸ்பார்க் நிற்கும். அதனால் இவற்றில் சாவி ஸ்விட்ச் ஒயர் அறுந்தால் ஹார்னும் இண்டிகேட்டரும் போகுமே தவிர எஞ்சின் நிற்காது. எஞ்சின் நின்று நின்று ஓடினால், கில் ஒயர் எங்கோ தோலுரிந்து சேசிஸில் தொடுகிறதா என்று பாருங்கள். சி.டி.ஐ.க்குப் போகும் கில் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போது சாவியால் எஞ்சின் அணையாது. நிறுத்த, கியரில் போட்டு பிரேக் பிடித்தபடி கிளட்ச்சை விட வேண்டும்.

ஹேண்டில்பாரைத் திருப்பினால் போகிறது

யூ டர்ன் அடிக்கும்போதோ பார்க்கிங்கில் திருப்பும்போதோ அணைந்தால், கோளாறு ஹேண்டிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் வளையும் ஒயர்க் கட்டில் இருக்கிறது. சாவியை ஆன் செய்து, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். பிறகு ஹேண்டிலை அசைக்காமல் ஒயர்க் கட்டை மட்டும் சிறிது சிறிதாக வளைத்துப் பாருங்கள். சந்தேகப்படும் ஒயரை இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுங்கள். உள்ளே செம்பு அறுந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் மேல்தோல் ரப்பர்போல நீளும். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

முறுக்கி டேப் சுற்றுவது மறுபடி அறுவதற்குத்தான் வழி. அறுந்த பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிமன் ஒயரைச் சேர்த்து, சாலிடர் போட்டு ஸ்லீவ் ஏற்றுங்கள். இணைப்பு வளையாத இடத்தில் வர வேண்டும். சாலிடர் போட்ட இடம் விறைத்துவிடும், அங்கேயே வளைந்தால் அதன் ஓரத்தில் மீண்டும் அறும்.

வண்ணத்தை வைத்து ஒயரை அடையாளம் காணும்போது கவனம் தேவை. ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சை எர்த், சிவப்பு நேர் பேட்டரி, கறுப்பு சாவி போட்டால் வரும் கரண்ட். யமஹாவில் கறுப்புதான் எர்த், சாவிக்குப் பிறகு வருவது பழுப்பு. ஒரு வண்டியில் பழகிய கை இன்னொரு வண்டியில் கறுப்பை எர்த் என்று நினைத்துச் சேர்த்தால் ஃப்யூஸ் போகும்.

மழையிலும் வாட்டர் வாஷ் செய்த பிறகும் மட்டும்

ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளும் டேங்குக்கு அடியிலும் உள்ள கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பச்சை பூத்த பின்களைக் காண்டாக்ட் கிளீனரால் கழுவிக் காயவிட்டு மாட்டுங்கள். வாட்டர் வாஷ் கடையில் சாவி ஸ்விட்ச்சுக்கும் ஹேண்டில் ஸ்விட்ச்சுகளுக்கும் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வேகம் கூடினால் வெளிச்சம் கூடுகிறது, பல்புகள் அடிக்கடி போகின்றன

எஞ்சினை 4000 ஆர்.பி.எம். அளவில் வைத்து பேட்டரியில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜிங் நலம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் சந்தேகம். ஆனால் தளர்ந்த டெர்மினலும் இதே கூத்தைக் காட்டும் என்பதால் அதை முதலில் இறுக்குங்கள். 13க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. அப்போது ஹார்ன் கரகரத்து, இண்டிகேட்டர் சோம்பி, கடைசியில் எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் பம்ப் நிற்கும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் பேட்டரி சற்றுத் தேறி வண்டி மறுபடி கிளம்பும். இதையும் பலர் 'லூஸ் காண்டாக்ட்' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மூன்று மஞ்சள் ஒயர் வரும் மேக்னெட் காயில் என்றால், ரெகுலேட்டர் கப்ளரைப் பிரித்து, இரண்டிரண்டாக ஏ.சி. வோல்ட் அளங்கள். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து ஏற வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகு எந்த மஞ்சளுக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. அந்தக் கப்ளரையும் உற்றுப் பாருங்கள். சார்ஜிங் கரண்ட் முழுதும் அதன் வழியாகத்தான் போகிறது, கருகல் முதலில் அங்கேதான் வரும்.

ஃப்யூஸ் போகிறது, புதிது போட்டால் சில நாள் ஓடுகிறது

10 ஆம்பியர் நிற்கவில்லை என்று 20 போடுவதும், சிகரெட் தாள் சுற்றுவதும் ஒயரிங்கை எரிக்கும் வேலை. எங்கோ ஒயர் தோலுரிந்து சேசிஸில் தொடுகிறது. பின் மட்கார்டுக்குள் டெயில் லேம்ப் ஒயர், டேங்க் உரசும் இடம், எலி கடித்த இடம், கூடுதலாகப் போட்ட ஃபாக் லேம்ப், செல்போன் சார்ஜர், இரட்டை ஹார்ன் இணைப்புகள். கடைசியாக வண்டியில் எதைச் சேர்த்தீர்களோ அதில் தொடங்குங்கள்.

ஃப்யூஸை எடுத்துவிட்டு அந்த இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை இணையுங்கள். சாவி போட்டதும் வண்டியின் சாதாரண லோடுக்கு அது மங்கலாக எரியும். ஷார்ட் ஆகும்போது முழு வெளிச்சத்தில் எரியும், பல்பே கரண்ட்டை 5 ஆம்பியருக்குள் அடக்கிவிடுவதால் ஒயர் கருகாது. பல்பைத் துணியிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் தொங்கவிட்டு, ஒயரிங்கை முன்னிருந்து பின்னாக ஆட்டிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தைத் தொடும்போது வெளிச்சம் ஏறி இறங்குகிறதோ அங்கே டேப்பைப் பிரித்துப் பாருங்கள்.

எதிலும் பிடிபடவில்லை என்றால்

நிறுத்தி வைத்து எவ்வளவு ஆட்டினாலும் வராது, ஓட்டும்போது மட்டும் வரும் என்றால், வண்டியையே சாட்சி சொல்ல வைக்க வேண்டும். 12 வோல்ட்டுக்கான சின்ன எல்.இ.டி. இண்டிகேட்டர்கள் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றின் பிளஸ்ஸை பேட்டரி பிளஸ்ஸிலும், இரண்டாவதை மெயின் ஃப்யூஸுக்குப் பிறகும், மூன்றாவதைச் சாவி ஸ்விட்ச்சுக்குப் பிறகும் இணையுங்கள். மூன்றின் மைனஸும் நேராக பேட்டரி மைனஸுக்குப் போகட்டும். ஒவ்வொரு பிளஸ் ஒயரிலும் ஒரு சின்ன ஃப்யூஸ் அவசியம். மூன்றையும் வரிசையாக மீட்டருக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, பகலில், வண்டி நடமாட்டம் குறைந்த சாலையில் ஓட்டுங்கள்.

கரண்ட் போகும்போது மூன்றும் அணைந்தால் பேட்டரி அல்லது டெர்மினல். முதலாவது மட்டும் எரிந்தால் ஃப்யூஸ் பக்கம். முதல் இரண்டும் எரிந்து மூன்றாவது அணைந்தால் சாவி ஸ்விட்ச். மூன்றுமே எரிய, மீட்டர் மட்டும் செத்திருந்தால் எர்த் அல்லது ஸ்விட்ச்சுக்கு அப்பால் உள்ள ஒயர். எர்த்தா என்று உறுதி செய்ய, பேட்டரி மைனஸிலிருந்து சேசிஸுக்குத் தற்காலிகமாகத் தடித்த ஒயர் ஒன்றையும், ஒயரிங்கின் எர்த் போல்ட்டுக்கு இன்னொன்றையும் இழுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். கோளாறு வராமல் நின்றால் பழைய எர்த் இணைப்பைச் சுத்தம் செய்து, தற்காலிக ஒயரை எடுத்துவிட்டு, அதே சாலையில் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்த பிறகு எல்.இ.டி.களைக் கழற்றுங்கள்.